டபிள்யூ இல்லாத தாள்கள்

குரும்பலூர் வேம்புவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவள் நல்லவள்தான். யார் வம்புக்கும் போகாதவள். பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் முதலில் எழுந்து இடம் கொடுக்கிறவள். ஆனால் ஒரு ஒன்பது மாதம் அவள் நல்லவளாக இல்லை. அந்த ஒன்பது மாதத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அது அவள் கதையாக இருக்காது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடையின் மாடியில், உத்திராபதி என்பவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவந்தார். அங்கே சொல்லிக்கொடுக்கிறவள் வேம்பு. தமிழ் டைப்பிலும் ஆங்கில டைப்பிலும் ஹையர் தேர்வு முடித்து, இரண்டிலும் முதல் வகுப்பு. உத்திராபதியிடம் இருந்தவை பதினான்கு மெஷின்களும் ஒரு சிவப்புப் பென்சிலும். பிள்ளைகள் அடித்த தாளில் தப்பைத் தேடிச் சிவப்பில் சுழிப்பது அவர் வேலை. மற்றதெல்லாம் அவள் வேலை.

தொண்ணூற்றைந்தில் பெரம்பலூர் தனி மாவட்டமானதும் ஊருக்கே டைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கலெக்டர் ஆபீஸ் வருது, கோர்ட் வருது, அங்கெல்லாம் டைப்பிஸ்ட் எடுக்கப்போறாங்க என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. காலை ஆறு மணிக்கே மாடிப்படியில் கால் வைக்க இடமில்லாமல் செருப்புகள் கிடக்கும். பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை மட்டும் மெஷின்கள் ஓய்ந்து கிடக்கும். அந்த நாலு மணி நேரத்தில்தான் வேம்பு தன் நோட்டைத் தொடங்கினாள்.

விஷயம் இதுதான். டைப் கற்கிற ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒரு எழுத்து ஆகாது. ஒருத்திக்கு இசட் வராது. ஒருவனுக்கு ஒய் என்றால் கை பக்கத்துக் கட்டைக்குப் போய்விடும். மற்ற இன்ஸ்டிடியூட்டுகளில் அந்த எழுத்தையே நூறு தடவை அடிக்கச் சொல்வார்கள். அது வீண் வேலை என்பது வேம்புவின் கட்சி. எழுத்தைத் தனியாக அடித்தால் விரல் பயப்படாது, வார்த்தைக்கு நடுவில் வரும்போதுதான் பயப்படும். அதுவும் அர்த்தம் தெரியாத வார்த்தை என்றால் இரண்டு பங்கு பயம். ஆகவே அவள் அந்த எழுத்து தலையிலும் நடுவிலும் வாலிலும் வருகிற நாற்பது வார்த்தைகளைத் தேடி எடுத்து, பக்கத்தில் தமிழில் அர்த்தமும் எழுதி, ஒரு சீட்டாகக் கொடுப்பாள். அர்த்தத்தைப் படித்த பிறகுதான் அடிக்க வேண்டும்.

தேடி எடுப்பது என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அகராதி எக்ஸில் தொடங்குகிற வார்த்தையைக் காட்டும். வயிற்றுக்குள் எக்ஸை வைத்திருக்கும் வார்த்தை எங்கே இருக்கிறது என்று காட்டாது. அதற்கு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். வேம்பு போனாள். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய அகராதியை, மத்தியானத்துக்கு இரண்டு பக்கம் மூன்று பக்கம் என்று நாலு வருஷம் படித்தாள். ஆக்சில் என்றால் வண்டி அச்சு. குவாரி என்றால் சுண்ணாம்புக்கல் வெட்டுற குழி. ஜாண்டிஸ் என்றால் மஞ்சக்காமாலை. கிரேஸ் என்றால் ஆடு மாடு மேயுறது. வின்னோ என்றால் களத்துல தூத்துறது. அகராதியின் தமிழ் பிள்ளைகளுக்குப் புரியாது என்று குரும்பலூர்த் தமிழிலேயே எழுதினாள். எதிரே இருந்த சைக்கிள் கடைக்காரருக்குக்கூட 'வேம்பு சீட்டு' என்றால் என்னவென்று தெரியும்.

இரண்டாயிரத்தில் நோட்டு முடிந்தது. உத்திராபதி அதைப் புரட்டிப் பார்த்தார்.

"கரையான் அரிச்சிட்டா போச்சேம்மா. குடு, ஒரு ஜெராக்ஸ் போட்டு வச்சிடுவோம்."

அவள் கொடுத்தாள். மூன்று மாதம் கழித்து மஞ்சள் அட்டை போட்ட புத்தகமாக அது திரும்பி வந்தது, கூடவே பழைய நோட்டும். அட்டையில் சஃபாரி சட்டையில் உத்திராபதி. உள்ளே நன்றி சொல்லும் பக்கத்தில் அவருடைய சம்சாரம், குலதெய்வம், அச்சகத்தார், மெஷின் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக் எல்லாரும் இருந்தார்கள். வேம்பு இல்லை. அவள் பக்கங்களைப் புரட்டினாள். வின்னோ, களத்துல தூத்துறது. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை அந்த மனுஷன். மாற்ற அவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

"சார், இது என் நோட்டு சார்."

"ஆமா. யாரு இல்லன்னா?"

"என் பேரு ஒரு எடத்துலகூட இல்லியே சார்."

மாலை பேட்ச் முழுக்க உட்கார்ந்திருந்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. உத்திராபதி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் ஒங்கப்பன் வூட்டுச் சொத்தாம்மா? டிக்சனரில கெடந்தத பாத்து எழுதுன. அதுவும் என் எடத்துல, என் மேசையில, என் சம்பளத்துல ஒக்காந்து எழுதுன. ஒன் பேரப் போட்டா இந்த ஜில்லாவுல எவன் வாங்குவான்? குரும்பலூர் வேம்புன்னு போட்டா நாட்டு மருந்துக் கட நோட்டீசுன்னுல்ல நெனச்சிக்குவான்!"

பேட்ச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் அவள் சீட்டில் தேறியவர்கள். வேம்பு ஆறாம் நம்பர் மெஷினுக்கு ரிப்பன் மாற்றப் போனாள். கையெல்லாம் மை.

அன்று குரும்பலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் முடிவு செய்தது ஒன்றுதான். இந்த ஆள் தன் வாயால், நாலு பேர் நடுவில், இதை எழுதியது வேம்பு என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்ல வைப்பது என்று தெரியவில்லை. சொல்ல வைக்க முடியாவிட்டால் இவன் வயிறு எரிவதையாவது பார்த்துவிட்டுத்தான் இந்த மாடியிலிருந்து இறங்குவது.

புத்தகம் ஓடியது. ஜெயங்கொண்டம், அரியலூர், லெப்பைக்குடிகாடு என்று எல்லா இன்ஸ்டிடியூட்டுக்கும் போனது. இன்ஸ்டிடியூட்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை, தேர்வு முடிவு வந்ததும், அரியலூரில் ஒரு ஹோட்டல் மாடியில் கூடுவார்கள். அங்கே உத்திராபதிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "நாலு வருசத் தவம்ங்க இது" என்று அவர் மைக்கில் சொன்னார். புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு போயிருந்த வேம்பு கதவோரம் நின்று கேட்டாள். அந்த நாலு வருஷத்தில் சிவப்புப் பென்சிலைத் தவிர வேறு எதையும் அவர் கையில் அவள் கண்டதில்லை.

அவள் காத்திருந்த வாய்ப்பு இரண்டாயிரத்து ஒன்று செப்டம்பரில் தானாகவே மாடிப்படி ஏறி வந்தது. உத்திராபதியின் ஒரே மகன் பிரசாத். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். கல்லூரி நாளிலேயே லோயர் பாஸ் செய்தவன், ஹையரும் முடித்தால் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலைக்கு வழி உண்டு என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார்.

"வேம்பு, இவன ஒங் கையில வுடுறேன். பிப்ரவரில எழுதணும். ஃபர்ஸ்ட் க்ளாஸ் வாங்கணும். என் மவன் ஃபெயிலுன்னா இந்த போர்டு மாட்டிக்கிட்டு நான் கட நடத்த முடியுமா, சொல்லு."

"வுடுங்க சார்" என்றாள் வேம்பு. "தம்பிய நான் பாத்துக்கறேன்."

அவன் லோயர் படித்தபோதே அவள் குறித்து வைத்திருந்தாள். பிரசாத்துக்கு ஆகாதது டபிள்யூ. சின்ன வயதில் சைக்கிள் செயினில் மாட்டிய இடது மோதிர விரல். இருந்த இடத்தில் இருந்துகொண்டு எஸ்ஸை அழுத்தும், மேலே ஏறி டபிள்யூவை அடிக்கச் சொன்னால் முரண்டு பிடிக்கும். லோயரின் மெதுவான வேகத்துக்கு எப்படியோ சமாளித்துவிட்டான், ஹையர் வேகத்துக்கு அது நடக்காது. வேறு யாராக இருந்தாலும் மறுநாளே டபிள்யூ சீட்டு கையில் வந்திருக்கும். அந்த மஞ்சள் புத்தகத்திலேயே டபிள்யூவுக்கு மூன்று பக்கம் இருந்தது. ஒரு மாதம் அடித்தால் விரல் வழிக்கு வந்துவிடும். அப்பன் திருடி அச்சடித்த மருந்து அப்பன் மேசையிலேயே கிடந்தது.

வேம்பு அதை அவனுக்குக் கொடுக்கவில்லை. "அதெல்லாம் மத்த புள்ளைங்களுக்கு. தம்பிக்குத் தனித் தாளு" என்றாள். உத்திராபதிக்குப் பெருமை தாங்கவில்லை.

இவ்வளவு நாள் ஒரு எழுத்து இருக்கிற வார்த்தைகளைத் தேடியவள், இப்போது அது இல்லாத வார்த்தைகளைத் தேடினாள். டபிள்யூ வராத ஆங்கிலம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும். வித் கிடையாது, விச் கிடையாது, வாஸ் கிடையாது, வென் கிடையாது. வில் வரவேண்டிய இடத்தில் ஷல் போட்டாள். நாங்கள் என்று அர்த்தமாகும் 'வி'யில் தொடங்க வேண்டிய வியாபாரக் கடிதத்தை 'தி கம்பெனி' என்று தொடங்கினாள். ஒரு தாள் எழுத மத்தியானம் முழுக்கப் போய்விடும். முடித்ததும் ஸ்கேலை வரிக்கு வரி வைத்து, தப்பித் தவறி ஒரு டபிள்யூ ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பாள். அந்தப் பழைய நோட்டுக்குக்கூட அவள் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பிய நாட்கள் உண்டு. பசிக்கவில்லை என்பதுதான் உண்மை. வஞ்சம் அவளுக்கு நன்றாகவே வயிறு நிறைத்தது.

பையன் கண்டுபிடித்துவிட மாட்டானா என்று கேட்கலாம். மாட்டான். டைப் அடிக்கிறவர்கள் படிப்பதில்லை. படித்தால் வேகம் போய்விடும். கண் எழுத்தைப் பார்க்கும், விரல் கட்டையைத் தட்டும், நடுவில் அர்த்தத்துக்கு வேலை கிடையாது. அப்படித்தான் அவர்களைப் பழக்குகிறார்கள். உத்திராபதி பார்ப்பது சிவப்பில் சுழிக்க ஏதாவது அகப்படுகிறதா என்று மட்டும். அகப்படவில்லை. நவம்பரில் நிமிடத்துக்கு நாற்பது வார்த்தை, ஜனவரியில் ஐம்பது. ஒரு சுழிகூட இல்லாத தாளை அவர் நோட்டீஸ் போர்டில் ஊசி குத்தி மாட்டினார். பழைய கேள்வித்தாள் கொஞ்சம் அடிக்க வைக்கலாமே என்று ஒருநாள் கேட்டார்.

"வேணாம் சார். கைப்பழக்கம் கெட்டுடும்" என்றாள் அவள். அவர் தலையாட்டினார்.

பிரசாத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவன் அப்பனைப் போல இல்லை. சாயங்காலம் டீ குடிக்கப் போனால் அவளுக்கும் ஒரு டம்ளர் வாங்கி, சூடு ஆறாமல் மேலே ஒரு அட்டையை மூடி எடுத்து வருவான். மெஷின் துணியை மடித்து வைப்பான்.

"நீங்க இல்லன்னா நான் பாஸே ஆவ மாட்டேங்க்கா. கைய கட்டிப் போட்ட மாரி இருந்துச்சு, இப்ப பாருங்க, தானா ஓடுது."

வேம்பு அந்த டீயைக் குடித்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் குடித்தாள். உத்திராபதியின் பையன், உத்திராபதியின் பையன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது வேலை செய்தது.

பிப்ரவரியில் அரியலூரில் தேர்வு. மெஷின்களைக் கோணியில் சுற்றி மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சொல்லிக்கொடுக்கிறவர்களை உள்ளே விடமாட்டார்கள். வேம்பு மற்ற ஊர்க்காரர்களோடு ஜன்னலுக்கு வெளியே நின்றாள். மணி அடித்ததும் நாற்பது மெஷின்கள் ஒன்றாகப் பொரிய ஆரம்பித்தன. இரண்டாவது வரிசையில் பிரசாத். அரசாங்கக் கேள்வித்தாள் வேம்புவைக் கேட்டு அடிக்கப்பட்டதல்ல. முதல் வரியிலேயே வி, இரண்டாவது வரியில் வித், மூன்றாவதில் விச். அவன் விரல் எஸ்ஸிலேயே ஒட்டிக்கொண்டது. ஒரு நிமிடம் சமாளித்தான். அப்புறம் பதற்றத்தில் அவன் கை மொத்தமும் ஒரு கட்டை தள்ளி உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு காகிதத்தில் விழுந்தது எந்தத் தேசத்து பாஷையும் இல்லை.

வெளியே வந்தவன் மோதிர விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டிருந்தான். "என்னாச்சின்னே தெரியலங்க்கா" என்றான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? காது மடல் சூடாகும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மே மாதம் முடிவு வந்தது. இன்ஸ்டிடியூட்டில் ஹையர் எழுதிய பதினெட்டுப் பேரில் பதினாறு பேர் பாஸ். பெயிலான இரண்டு பேரில் ஒருவன் பிரசாத். உத்திராபதி பேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே அவனைக் கன்னத்தில் அறைந்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே அவனைச் செட்டிகுளத்தில் தெரிந்தவர் உரக்கடையில் மூட்டை இறக்கிப் பில் போடச் சேர்த்துவிட்டார். இனிமேல் டைப் என்று என் முன்னால் வந்து நிற்காதே என்றும் சொல்லிவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் அரியலூர் ஹோட்டல் மாடியில் கூட்டம். இருபது இன்ஸ்டிடியூட்காரர்கள், வாழை இலையில் கேசரி, வழக்கம்போலப் புத்தகக் கட்டோடு கதவோரம் வேம்பு. லெப்பைக்குடிகாட்டில் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த நசீர் வாய்த்துடுக்குக்காரர், ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர். அவர்தான் ஆரம்பித்தார்.

"என்னாண்ணே, ஊருக்கெல்லாம் பொஸ்தகம் போட்டீங்க. மாஷா அல்லா, எங்க புள்ளைங்க அதப் படிச்சி அத்தன பேரும் பாஸு. ஒங்க வூட்டுப் புள்ள மட்டும் எப்புடிண்ணே கோட்ட வுட்டுச்சி? பொஸ்தகம் எழுதுனவரு மவனுக்கே ஒரு எழுத்து ஓடலியா?"

மாடியே சிரித்தது. உத்திராபதியின் கழுத்து நரம்பு புடைத்தது. புத்தகம் நல்லது என்றால் மகன் மட்டி. மகன் கெட்டிக்காரன் என்றால் புத்தகம் குப்பை. இரண்டில் ஒன்றை அவர் கைகழுவியாக வேண்டும். கைகழுவினார்.

"யோவ், அந்தப் பொஸ்தகத்த நானா எழுதுனேன்? எல்லாம் தோ நிக்கிறாளே, இவ எழுதுனது! ஆனாவிலேருந்து அக்கன்னாவரைக்கும் இவ எழுதுன குப்ப. அட்டையில என் பேரப் போட்டுக்கிட்டேன், அவ்வளவுதான். இவ லட்சணத்துக்கு எம் மவனையும் இவ கையில குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்!"

கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. இருபது பேரும் கதவோரம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாங்க" என்றாள் வேம்பு. குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "நான்தாங்க எழுதுனேன். ஒவ்வொரு வார்த்தையும் நான்தான். நோட்டு எங்கிட்ட இருக்கு, வேணும்னா கொண்டாந்து காட்டுறேன். சார் இன்னிக்காச்சும் சொன்னாரே, அது போதும்."

உத்திராபதிக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. நசீர் எழுந்து இலையை மடித்தார்.

"குப்பையா? நாப்பது புள்ளைங்கள கரையேத்துன குப்பையாண்ணே அது? டீச்சர், அடுத்த பதிப்பு ஒங்க பேர்ல நான் போடுறேன். ஒரு வார்த்த சொல்லுங்க."

வேம்பு அன்றே வேலையை விட்டாள். இரண்டு வருஷமாக அவள் கேட்டது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். கேட்டுவிட்டாள், அதுவும் இருபது பேர் சாட்சியோடு. வீட்டுக்கு வரும் வழியில் கால் கிலோ அல்வா வாங்கி, பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகவே தின்று தீர்த்தாள்.

ஜூலையில் நசீர் அட்டையின் அச்சுப் பிரதியை அனுப்பினார். நீல அட்டை. நடுவில் பெரிய எழுத்தில் அவள் பெயர், அதற்குக் கீழே சின்னதாகக் குரும்பலூர். பிழை ஏதாவது இருந்தால் திருத்தி அனுப்பச் சொல்லியிருந்தார். பிழை இல்லை என்று முதல் பார்வையிலேயே தெரிந்தது. ஆனாலும் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பிரசாத் வந்தான்.

சட்டையில் யூரியா வாடை. கையில் நூல் போட்டுக் கட்டிய காகிதக் கட்டு. அது எந்தக் கட்டு என்று பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வா தம்பி. ஒக்காரு."

"இல்லக்கா, பஸ்ஸு வந்துரும்." அவன் நின்றபடியே பேசினான். "கடையில மத்தியானம் யாரும் வர மாட்டாங்க. சும்மா ஒக்காந்து இதப் படிச்சேன். அடிக்கிறப்ப நான் எங்கக்கா படிச்சேன்? இப்பதான் படிச்சேன். மொத்தம் நூத்திப் பன்னண்டு தாளு. ஒரு டபிள்யூகூட இல்ல."

வேம்பு நீல அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"மொதல்ல ஏதோ தவறிப்போச்சின்னு நெனச்சேன். நானே ஒரு தாளு அப்புடி எழுதிப் பாத்தேங்க்கா. ரெண்டு வரிக்கு மேல முடியல. இத்தன தாளு எழுத எவ்ளோ பாடுபட்டிருப்பீங்க." அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் அவள் சமாளித்திருப்பாள். "அப்பாகிட்ட சொல்லல. சொல்ல மாட்டேன்."

காகிதக் கட்டை அவள் மடியில், நீல அட்டைக்கு மேல் வைத்தான்.

"இதையும் நீங்கதானங்க்கா எழுதுனீங்க. இதுலயும் ஒங்க பேரப் போட்டுக்குங்க."

அவளிடம் ஒரு பதில் இருந்தது. உங்கப்பன் எனக்கு என்ன செய்தான் தெரியுமா என்று தொடங்கும் பதில். இரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, ஒரு வார்த்தை தடுக்காமல் வருகிற அளவுக்குப் பழக்கி வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள். எதிரே நின்றவனுக்குச் சொல்ல அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

செட்டிகுளம் பஸ் ஹாரன் அடித்தது. "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான்.